தகரப் பேணிகளுக்காக ஒரு துவக்கு

நடுவயதில் ஆண்களுக்கு வரும் ஆசைகளை நான் மொன்றியலில் போதியளவு பார்த்திருக்கிறேன். ஒருவர் மிருதங்கம் பழகத் தொடங்கினார். கீழ்மாடியில் இருந்தவர்கள் வீடு மாறிப் போனார்கள். இன்னொருவர் கவிதை எழுதினார். எழுதியதோடு நிற்காமல், சாப்பிடக் கூப்பிட்டு வாசித்தும் காட்டினார். இவற்றோடு ஒப்பிட்டால், துவக்கு வாங்க வேண்டும் என்ற என் ஆசை யாருக்கும் தீங்கில்லாதது. நான் சுட்டு விழுத்த நினைத்தது மீன் அடைத்து வரும் தகரப் பேணிகளை. அதுவும் மீன் குழம்பாகிய பிறகு.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதற்சில ஆண்டுகள். சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் களஞ்சியம் ஒன்றில் எனக்கு வேலை. என்னோடு வேலை செய்த கியூபெக்காரர் ஒருவருக்கு நகருக்கு வெளியே கொஞ்சம் காணி இருந்தது. இலையுதிர்காலத்து ஞாயிறு ஒன்றில் அங்கே கூட்டிப்போய், மரக்குற்றியில் வெறும் பேணிகளை வரிசையாக வைத்து, மிகச் சிறிய தோட்டா, எங்கள் பேச்சில் ரவை, போடும் ரைபிள் ஒன்றை என்னிடம் தந்தார். அதுவரை துவக்கின் முன்பக்கத்தை மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். பின்பக்கம் இவ்வளவு அமைதியானது என்று எவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மூச்சை அடக்கி விசையை இழுத்தேன். தட்டென்று ஒரு சத்தம். பேணி நின்ற இடத்தில் பேணி இல்லை. என் வாழ்க்கையில் நான் நினைத்தது நினைத்தபடி நடந்த தருணங்கள் குறைவு என்பதால், இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஆனால் இந்த நாட்டில் ஆசை மட்டும் போதாது. முதலில் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதனை எடுக்க வேண்டும். எழுத்துச் சோதனையில் நான் நல்ல மாணவன். படிக்கச் சொன்னால் எதையும் படித்துவிடுவேன். செய்முறையில்தான் என் வளர்ப்பு என்னைக் கவிழ்த்தது. பெரியவர் ஒருவர் எதையாவது தந்தால் இரண்டு கைகளாலும் வாங்கி, சற்றுக் குனிவது எங்கள் வழக்கம். பயிற்சியாளர் ரைபிளை நீட்டியபோது தட்டத்தை வாங்குவது போல அதைக் கிடையாக வாங்கிக் குனிந்தேன். குழல், பக்கத்தில் நின்ற மாணவரின் வயிற்றைப் பார்த்தது. பயிற்சியாளர் ஏதோ சொன்னார். பேசுகிறவரின் முகத்தைப் பார்ப்பதும் மரியாதையல்லவா, துவக்கோடு அவர் பக்கம் திரும்பினேன். அவர் மேசைக்குக் கீழே போய்விட்டார். அது சுடவே முடியாதபடி செய்த பழைய துவக்கு. ஆனால் சோதனைக்கு அது பொருட்டல்ல. மரியாதை தெரியாதவனாகப் பயின்று, இரண்டாம் தடவை சித்தியடைந்தேன்.

அதற்குப் பிறகு வந்தது உண்மையான சோதனை. அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது மனைவியும் கையெழுத்திட வேண்டும்.

என் மனைவி வில்லரேயில் கார்டெரி ஒன்றில், அதாவது வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் காப்பகத்தில், வேலை செய்தாள். பத்துப் பதினைந்து குழந்தைகளின் அழுகைக்கு நடுவே நிதானமாக நிற்கிறவள். ஆனால் வீதியில் கார் ஒன்று வெடிச்சத்தம் போட்டால் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பார்ப்பாள். யாழ்ப்பாணத்தில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த காலைகளில் அவளுடைய வீட்டுக்குள் துவக்குகள் பலமுறை வந்துபோயிருக்கின்றன. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தவள் முன்னால் தாளை வைத்தேன். ஆசை மனிதனை அவ்வளவு தூரம் மொக்கனாக்கும்.

அவள் வாசித்தாள். பிறகு கேட்டாள்: "இதுக்கு என்னையும் கேக்கினமோ?"

"ஓம். நீர் கையெழுத்து வைக்காட்டில், ஏன் வைக்கேல்லை எண்டு உமக்குப் போன் எடுத்தும் கேப்பினம்."

அவள் வெட்டுவதை நிறுத்தினாள். "எங்கடை வீட்டுக்கை வந்தவை ஒருத்தரும் என்னட்டைக் கையெழுத்துக் கேட்டு வரேல்லை," என்றாள். கோபமில்லை. இப்படியும் ஒரு நாடா என்பது போன்ற ஒரு வியப்பு. நான் தாளை எடுத்து மடிக்கப் போனேன். அவள் விடவில்லை. வீட்டுக்குள் வரப்போகும் சாமானைப் பார்க்காமல் சம்மதமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்றாள். பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் அதோடு கதை முடிந்தது. நான் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை புரோசார்ட் தாண்டி ஒரு கடைக்குப் போனோம். நூலகத்துப் புத்தகங்களை வாசித்துவிட்டு, நான் வேண்டியதைத் தீர்மானித்தே போயிருந்தேன்: கறுப்பு நிறம், மேலே தொலைநோக்கி, பத்து ரவையை ஒன்றாகப் போட்டு விரல் ஓயும்வரை சுடலாம். கடைக்காரருக்கு ஆங்கிலம் இல்லை. என் பிரெஞ்சு பஸ்ஸில் ஏறி இறங்க மட்டும் போதும். ஆகவே வியாபாரம் முழுவதும் அவருக்கும், காப்பகத்தில் பிரெஞ்சு பழகிய என் மனைவிக்கும் இடையில் நடந்தது. நான் பக்கத்தில், சப்பாத்து வாங்கக் கூட்டிவந்த பிள்ளை போல நின்றேன். என் கணவர் மீன் பேணிகளைச் சுட விரும்புகிறார் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். கடைக்காரர் சிரிக்கவில்லை. எவ்வளவு தூரத்திலிருந்து என்று கேட்டார்.

முதலில் நான் கைகாட்டிய கறுப்புத் துவக்கை எடுத்து வைத்தார். மனைவி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். முகத்தில் மாற்றமில்லை. அந்தக் கைகளைப் பார்த்ததும் அந்த இடத்திலேயே என் ஆசை முழுவதும் வடிந்துவிட்டது. "வீட்டை போவம்," என்றேன்.

"பொறுங்கோ," என்றாள்.

கடைக்காரர் காரணம் கேட்காமல் அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். மண்ணிற மரக்கட்டை, மெலிந்த குழல், ஒரு தடவைக்கு ஒரு ரவை மட்டும். பின்பக்கத்துத் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்து, ரவை போகும் துவாரம் வெறுமையா என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவி, பிறகு அவளுக்கும் சரித்துக் காட்டினார். மேசையில் வைத்துவிட்டுத் துணி எடுக்கத் திரும்பினார். திரும்பி வந்து கையில் எடுத்ததும் மறுபடி கண், மறுபடி சுண்டுவிரல், மறுபடி அவளுக்குக் காட்டல்.

அவள் ஏதோ கேட்டாள். அவர் சொன்ன பதிலை எனக்குத் தமிழில் சொன்னாள்: "இப்பத்தானே பாத்தனீங்கள் எண்டு கேட்டன். கையிலையிருந்து கீழை வைச்சிட்டாராம். அதாலை திருப்பிப் பாக்க வேணுமாம்."

பிறகு, எனக்கென்று இல்லாமல், மெதுவாகச் சொன்னாள்: "எங்களுக்கு ஒருத்தரும் இப்பிடித் திறந்து காட்டேல்லை."

எதற்கும் ஒரு பகிடி கையிருப்பில் வைத்திருப்பவன் நான். அன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கத்திகளை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் அந்தத் துவக்கைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிரஷர் குக்கர் வாங்கும்போது கேட்கும் கேள்விகளையெல்லாம் கேட்டாள்: பூட்டு எது, கழற்றிக் கழுவலாமா, இந்தத் துண்டைத் தனியே எடுத்துவைக்கலாமா. பிறகு என்னிடம் நீட்டினாள். நான் திறந்து, பார்த்து, விரலை விட்டேன்.

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"திருப்பிப் பாருங்கோ."

பார்த்தேன். வீட்டுக்கு வந்து, குளிர்ச்சட்டையைக் கழற்றும் முன்பே அவள் கையெழுத்திட்டாள். துவக்குக்கு ஒரு பூட்டு, ரவைக்கு வேறு இடத்தில் இன்னொரு பூட்டு என்றாள். அரசாங்கமும் பூட்டச் சொல்லித்தான் இருந்தது. ஆனால் அரசாங்கம் தினமும் வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லை.

முதல் துவக்காக எதை வாங்கலாம் என்று இப்போது சிலர் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு ரவைத் துவக்கு என்கிறேன். ஒன்றைச் சுட்டபின் அடுத்ததைக் கையால் எடுத்துப் போடும்வரை யோசிக்க நேரம் இருக்கிறது. பழகுகிறவனுக்கு அதைவிட நல்லதொன்றில்லை. பல புத்தகங்களை வாசித்து நான் கண்டுபிடித்ததாக அவர்கள் நினைக்கிறார்கள்.

அனுமதி வந்து, அதே துவக்கை வாங்கி, முதல் ஞாயிறு அந்தக் கியூபெக் நண்பரின் காணிக்குப் போனபோது அவளும் வந்தாள். குளிர்த்தொப்பிக்கு மேல் காதுமூடியைப் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் மடிப்புக்கதிரையில் இருந்தாள். முதல் சூட்டுக்கு அவளுடைய தோள் துள்ளியதாம். பிறகு நண்பர் சொன்னார். அடுத்ததற்கும் துள்ளியதாம். அதன்பிறகு இல்லையாம். என் பேணிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. காற்றைக் குறைசொன்னேன். காற்றே இல்லை. ஒரேயொரு பேணி விழுந்தது. அதுவும் அடுத்த பேணிக்குக் குறிவைத்தபோது.

"இதுக்கோ நான் இவ்வளவு காலம் பயந்தனான்?" என்றாள் மனைவி. இதைவிடப் பெரிய வசவை நான் கேட்டதில்லை. இவ்வளவு நன்றியோடு எதையும் கேட்டதுமில்லை.

சுட முடியாதபடி தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்து, துவக்கை மேசையில் வைத்து, அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு, பேணி அடுக்க நான் போகிறேன் என்று சொல்வதற்குள், நிமிர்ந்து துவக்குக்கு முன்னால் நடந்து போனாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விழுந்ததை எடுத்து மண் தட்டி, எல்லாப் பேணிகளையும் அவசரமில்லாமல் மறுபடி அடுக்கினாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அப்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றேன், சுடுவதற்கு அல்ல. அவள் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன்: பேணிகளை முன்பிருந்த இடத்தைவிடக் கொஞ்சம் கிட்ட வைத்திருந்தாள்.