என்னை அடுக்களைக்குப் போகச் சொன்னவள்

எண்பத்தாறா, எண்பத்தேழா என்று சரியாக நினைவில்லை. இடம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. கொச்சியில், மட்டாஞ்சேரி. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் டெலக்ஸ் ஆபரேட்டராக இருந்தேன். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். தமிழில் எழுதப் பழகியது வாரப் பத்திரிகைகளைப் படித்துத்தான். அங்கங்கே மலையாள வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் பஹ்ரைனில் இருந்த என் அண்ணன் லீவில் வந்தபோது ஒரு கலர் டி.வி.யும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் கொண்டுவந்தான். ரப்பர் பித்தான்கள் வைத்த, ஒரு பெரிய சாக்லேட் டப்பா அளவு சாமான். டி.வி.யோடு இணைத்து, டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால் விளையாட்டு ஏறும். ஏறும்போது கீச்சுகீச்சென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து எலி எதையாவது நசுக்கிவிட்டீர்களா என்று கேட்பாள். அண்ணன் நாலு நாள் விளையாடினான், அலுத்துப்போய் பீரோ மேலே ஏற்றி வைத்தான். நான் அதை இறக்கினேன்.

கூட வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, அகராதியைப் புரட்டிப் புரட்டி, ஏழெட்டு மாதத்தில் நானே ஒரு விளையாட்டு எழுதினேன். வெள்ளைக்காரன் எழுதியதில் எல்லாம் விண்வெளியும் பூதமும். என்னுடையதில் எங்கள் காயல். கிடங்குக் கடவிலிருந்து, அதாவது படகுத்துறையிலிருந்து, மிளகுச் சாக்கு ஏற்றிய ஒரு வள்ளம் புறப்படும். ஆள் ஏற்றிப் போகும் போட்டில் மோதாமல், கரையோரத்துச் சீனவலையில் சிக்காமல், பாலத்துத் தூண்களுக்கு நடுவே நுழைந்து, துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குப் போய்ச் சேர வேண்டும். இடித்தால் டொய்ங் என்று ஒரு சத்தத்தோடு முழுகிவிடும். இதில் நான் வைத்த சூட்சுமம், கடல் ஏறி இறங்கும்போது திசை மாறும் நீரோட்டம். நீர் எதிரே ஓடும்போது பாலத்துக்குள் நுழையக் கூடாது. காத்திருந்து, அது திரும்பிய பிறகுதான் நுழைய வேண்டும். நீர் திரும்பியதைக் காட்டத் திரையின் அடியில் ஒரு மெல்லிய கோடு நிறம் மாறும். அதை யோசித்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

யார் வீட்டுக்கு வந்தாலும் விடமாட்டேன். உட்கார வைத்து விளையாடச் சொல்வேன். முடிந்ததும் ஒரு நோட்டை நீட்டி அபிப்பிராயம் எழுதச் சொல்வேன். அண்ணி, சித்தப்பா பிள்ளைகள், பக்கத்து வீட்டுச் சேச்சி, காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் உட்பட எல்லோரும் எழுதினார்கள். மலையாளத்தில் ஒரே சொல்: கொள்ளாம். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்துக்குப் பக்கம் கொள்ளாம், கொள்ளாம். ராத்திரி படுக்கும்முன் அந்த நோட்டைப் புரட்டாமல் எனக்குத் தூக்கம் வராது.

அவர்கள் விளையாடும்போது நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். இரு, இரு, நீர் திரும்பட்டும் என்பேன். இப்போ அமுக்கு என்பேன். அதெல்லாம் எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. சாப்பிட உட்கார்ந்தவருக்கு ரசம் எது, சாம்பார் எது என்று சொல்வதில்லையா, அந்த மாதிரிதான் நினைத்திருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் எர்ணாகுளத்தில் ஒருவர் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கப் போவதாக அண்ணன் பஹ்ரைனிலிருந்து எழுதினான். நான் நேரில் போய்ப் பார்த்தேன். திறப்பு விழா அன்று என் விளையாட்டை ஹாலில் வைப்பதாகவும், வந்தவர்களுக்குப் பிடித்துவிட்டால் என்னையே டீச்சராக எடுத்துக்கொள்வதாகவும் அவர் சொன்னார். எனக்கு அது சாதாரண வேலை இல்லை. பகலெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்த மிளகு விலையைத் தட்டித் தட்டி அனுப்பிக்கொண்டிருந்தவளுக்கு, தன் தலையில் தோன்றியதைத் தட்டச் சொல்லிச் சம்பளம் தருகிறேன் என்றால் எப்படி இருக்கும்? அந்த இடம் கிடைக்காவிட்டால் உயிரோடு இருந்து என்ன பிரயோசனம் என்ற அளவுக்குப் போய்விட்டேன்.

இனி என் சிநேகிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் தமிழ்க் குடும்பம்தான், இரண்டு தெரு தள்ளி வீடு. என் வயது. எங்கள் கம்பெனியின் சாம்பிள் அறையில் வேலை. மிளகு மூட்டைகள் வந்து இறங்கியதும் குத்தூசியைச் சாக்கில் செருகி, நடுவயிற்றிலிருந்து ஒரு கை மிளகு எடுத்து, சலித்து, பொறுக்கி, இது தேறும், இது தேறாது என்று எழுதி வைப்பாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. குத்தூசி போடும்போது சரக்குக்காரன் பக்கத்தில் நிற்கக் கூடாது. நின்றால், இந்தச் சாக்கில் குத்து, இந்தப் பக்கம் குத்து என்று கை காட்டுவானாம். அதனால் அவனை வாசலுக்கு அனுப்பிச் சாயா குடிக்க வைத்துவிட்டுத்தான் இவள் மூட்டையைத் தொடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அவளை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அண்ணி இருந்தாள், சித்தப்பா பிள்ளைகள் இருந்தார்கள், எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் பெண்ணும் வந்திருந்தாள். என் சிநேகிதி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல ஸ்டூலை இழுத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, போய்ச் சாயா போடு, நான் கூப்பிடுவது வரை அடுக்களையை விட்டு வராதே என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே போனேன்.

பால் பொங்குவதற்குள் டொய்ங் என்று கேட்டது. சரி, முதல் தடவை. மறுபடி டொய்ங். சாயாவை ஆற்றும்போது ஒன்று, கிளாஸில் ஊற்றும்போது ஒன்று. எனக்குக் கையெல்லாம் பரபரத்தது. கூப்பிடுவதற்கு முன்னாலேயே தட்டோடு வெளியே வந்துவிட்டேன். அவள் பித்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"எடீ, நீ பக்கத்துல இருந்தா மட்டுந்தான் இது களி. நீ இல்லேன்னா ஒண்ணும் மனசிலாகலை. சரக்குக்காரன் கை காட்டுற சாக்குல குத்தின மாதிரியாக்கும் உன் நோட்டு முழுக்க."

களி என்றால் விளையாட்டு, மனசிலாகலை என்றால் புரியவில்லை. சித்தப்பா பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். இன்றைக்கும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. தட்டைப் பொத்தென்று வைத்தேன்.

"எஸ்.எஸ்.எல்.சி.யை ரெண்டு தடவை எழுதியும் பாஸாகாதவ, நீ எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தர வந்துட்டியா?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் தோற்றது அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆபீஸிலும் தெரியாது. அவளுடைய மாமா அங்கே பழைய ஆள், அவர் கூட்டிவந்து சேர்த்துவிட்டார், சர்ட்டிபிகேட்டை யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் போட்டில் எர்ணாகுளம் போகும்போது என் காதோரம் சொன்ன சங்கதி அது. யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். சொல்லமாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன்.

அவள் எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சாயா அப்படியே இருந்தது. டைப்பிஸ்ட் பெண் என்னைப் பார்க்காமல் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமைக்குள் விஷயம் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, நீ அப்படிச் சொன்னாயாமே, நிஜமா என்று கேட்டார். அவர் நல்ல மனுஷர். இல்லை சார், கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்று நான் சொல்லியிருந்தால் அத்தோடு விட்டிருப்பார். விடத்தான் அவர் வழி தேடினார் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கோ அப்போதும் கோபம் தணியவில்லை. என் விளையாட்டைப் பார்த்துச் சிரிக்க வைத்தாளே என்ற எரிச்சல். எனக்குத் தெரியாது சார் என்றேன். உயிர்ச் சிநேகிதி தெரியாது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? சர்ட்டிபிகேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவளால் முடியவில்லை. மாமாவின் முகத்துக்காக வேலையை விட்டு அனுப்பவில்லை, ஆனால் சாம்பிள் அறையிலிருந்து எடுத்துச் சுக்கு முற்றத்தில் போட்டார்கள். வெயிலில் தரையில் உட்கார்ந்து, சுண்ணாம்பு பூசிய சுக்கைப் பொறுக்கும் தினக்கூலிப் பெண்களோடு. என் டெலக்ஸ் அறையின் ஜன்னலைத் திறந்தால் அந்த முற்றம். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

விழா அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு, கேசட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, போட்டில் எர்ணாகுளம் போனேன். நோட்டையும் எடுத்துப் போயிருந்தேன். ஹாலில் கேசட்டை ஏற்றிக் கொடுத்தேன். அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. உரிமையாளர் வந்து, பெண்கள் எல்லாம் உள்ளே உட்காரட்டும் என்று மரியாதையாகச் சொல்லி, விருந்தாளிகளின் மனைவிமார் இருந்த உள்ளறைக்கு என்னை அனுப்பினார். கதவு பாதி சாத்தியிருந்தது. கையில் ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள்.

முதல் டொய்ங் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு யாரோ மாறி உட்கார்ந்த நாற்காலிச் சத்தம், உடனே டொய்ங். இரு, நீர் திரும்பட்டும் என்று சொல்ல என் வாய் தானாகத் திறந்தது. பக்கத்திலிருந்த அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார். அடுக்களையில் பால் பொங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒருவருக்கும் அந்தக் கோடு கண்ணில் படவில்லை. படாது. எங்கள் வீட்டிலும் ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. நான்தான் ஒவ்வொருவருக்கும் கண்ணாக இருந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து ஹாலில் கேசட் மாற்றும் கீச்சுச் சத்தம் கேட்டது. அடுத்து வந்தது வேறு ஒரு பாட்டு. வெளிநாட்டு விளையாட்டு ஏதோ. ஹாலில் கைதட்டல்.

உரிமையாளர் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது சிரித்த முகமாகவே இருந்தார்.

"கொள்ளாம் மோளே. நமுக்கு நோக்காம்."

நன்றாயிருக்கிறது மகளே, பார்க்கலாம். அவ்வளவுதான். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பிவரும் போட்டில் நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் அதே சொல். இத்தனை பேர் என் மேல் பிரியம் வைத்து என்னைக் குழியில் தள்ளியிருக்கிறார்கள் என்று தோன்றியது. பிரியத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உண்மையைச் சொன்ன ஒருத்தியை நான் வெயிலில் உட்கார வைத்துவிட்டேன்.

ஒரு மாதம் உட்கார்ந்து விளையாட்டைத் திருத்தினேன். கோட்டை எடுத்துவிட்டு, நீரையே ஓடவிட்டேன். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குழந்தைக்கும் தெரியும்படி. பிறகு ஒரு நாள் மத்தியான இடைவேளையில் நோட்டோடு சுக்கு முற்றத்துக்கு இறங்கிப் போனேன். அவள் முழங்கை வரை வெள்ளையாக, தலையில் துண்டு கட்டி, முறத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மற்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் அவர்கள் முன்னாலேயே சொன்னேன். நீ சொன்னதுதான் சரி. தப்பு முழுக்க என்னுடையது. மானேஜரிடம் போய் நான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை வீட்டுக்கு வந்து விளையாடிப் பார், நான் தெருக்கோடியில் போய் நிற்கிறேன்.

மானேஜரிடம் போகிற வேலை வேண்டாம், சொன்னது பொய்யில்லையே என்றாள். கோபமாகக்கூட இல்லை. கையை முந்தானையில் துடைத்துவிட்டு நோட்டை வாங்கினாள். பேனாவைக் கேட்டாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஒரு சொல் எழுதி, மூடி, என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். மாடியேறி வந்து பிரித்துப் பார்த்தேன்.

கொள்ளாம் என்று எழுதியிருந்தாள். புது விளையாட்டை அவள் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவள் என்னோடு பேசாமல் இல்லை. போட்டில் பார்த்தால் சிரிப்பாள், அம்மாவுக்குச் சுகமா என்று கேட்பாள். நான் புதுப் புடவை கட்டினால் கொள்ளாம், தலைமுடியை வெட்டினால் கொள்ளாம். இரண்டு வருடத்தில் கல்யாணமாகிக் கும்பளங்கிப் பக்கம் போய்விட்டாள். எனக்கும் பின்னால் வேறொரு இடத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, ரிட்டயர் ஆகும்வரை அதையே செய்தேன். அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. கடைசிப் பக்கத்து ஓரத்தில் அவள் பெருவிரலின் சுண்ணாம்புத் தடம் மங்கலாக இருக்கிறது.

இப்போதும் நான் எதையாவது செய்து யாரிடமாவது காட்டினால், யாரும் சொல்லாமலே எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறேன். திரும்பி வரும்போது எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள், அது நிஜமா என்று கேட்க எனக்கு ஒருத்திதான் இருந்தாள்.