சந்தனப் பொட்டு வைத்த கொப்பி

அந்த ஆசிரியையின் முகம் எனக்கு மறந்துவிட்டது. கண் என்ன நிறம், தலைமயிர் கட்டையா நீளமா, ஒன்றும் ஞாபகமில்லை. அவர் எழுதியனுப்பிய துண்டின் பச்சை மை மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒக்டோபர் பிறந்து கடை வாசல்களில் பூசணிக்காய்களை அடுக்கத் தொடங்கினால், இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் இருப்பவர்கள் அந்த மாதத்தில் என்னோடு கொஞ்சம் பார்த்துத்தான் கதைப்பார்கள்.

அப்போது நாங்கள் பிரெஞ்சு பேசுகிற ஊரில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். கணவர் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டினார். நான் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் உடுப்பு மடித்துப் பெட்டியில் அடுக்கினேன். ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. வீட்டுக்கு வரும் கடிதம், கரண்ட் பில், பள்ளிக்கூடத் துண்டு எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லுகிறவள் அவள்தான். எட்டு வயதில் எங்கள் வீட்டுக் காரியதரிசி.

செப்டெம்பர் பிறந்தால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அறுவடைப் பைத்தியம் பிடித்துவிடும். சிவந்த இலை ஐந்து பொறுக்கி வா என்பார்கள். அதைத் தொலைபேசிப் புத்தகத்துக்குள் வைத்து நசி என்பார்கள். சோளம் உரிக்க ஒரு நாள், அப்பிள் தோட்டத்துக்குப் போக ஒரு நாள், ஏழைகளுக்குக் கொடுக்கத் தகரத்தில் அடைத்த சாப்பாடு கொண்டுபோக ஒரு நாள். ஒருமுறை வைக்கோல் பொம்மைக்குப் போடப் பழைய சேட் ஒன்று கேட்டார்கள். கிழிந்ததை அனுப்பினால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று, கணவரின் நீலச் சேட்டை, கலியாண வீடுகளுக்குப் போடுகிறதை, அயன் பண்ணி மடித்து அனுப்பிவிட்டேன். அவர் ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என்ன நினைப்பார்களோ என்ற அந்தப் பயம்தான் என்னைப் பிடித்த சனி என்று அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

இவ்வளவுக்கும் முடிவாக ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அறுவடை விழா. பிள்ளைகள் எல்லோரும் தங்கள் வீட்டு அறுவடை பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். வகுப்புக்கு ஒருவர் மேடையில் ஏறித் தன் கொப்பியைப் பார்த்து வாசிப்பார். அந்த வருடம் மகளின் வகுப்பில் அவளைத் தெரிந்தெடுத்தார்கள்.

அவள் எழுதியது எங்கள் பல்கனியில் நின்ற பச்சைமிளகாய்க் கன்றுகளைப் பற்றி. முதல் பனி கொட்டப் போகிறது என்று வானொலி சொன்ன அன்று, அப்பா வேலை உடுப்போடேயே ஒன்பது சாடிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டுவந்து குளியலறைக்குள் வைத்ததையும், அடுத்த நாள் தான் மிளகாய்களுக்கு நடுவில் நின்று குளித்ததையும் எழுதியிருந்தாள். எனக்குப் பாதி பிரெஞ்சுதான் விளங்கியது. விளங்கிய பாதிக்கே பெருமை தாங்கவில்லை. வேலையிடத்தில் அந்த வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டேன். கேட்டவரிடமும் கேளாதவரிடமும் காரணத்தைச் சொன்னேன்.

அதே கிழமைதான் நவராத்திரி முடிந்தது. வியாழன் சரஸ்வதி பூசை, வெள்ளி விஜயதசமி. எங்கள் வீட்டில் புதன் பின்னேரமே புத்தகங்களைப் படத்துக்கு முன்னால் வைத்துவிடுவோம். வியாழன் முழுக்க ஒருவரும் தொடக்கூடாது. வெள்ளி விடிய எடுத்து ஒரு பக்கமாவது வாசிக்க வேண்டும். இடம்பெயர்ந்து ஓடியபோது என் புத்தகங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவள் நான். அதனாலோ என்னவோ, மற்ற எந்த விரதத்தில் ஓட்டை விட்டாலும் இதில் மட்டும் விடமாட்டேன்.

புதன் பின்னேரம் மகளின் புத்தகப் பையை அப்படியே கவிழ்த்தேன். கணக்குக் கொப்பி, வாசிப்புப் புத்தகம், நாட்குறிப்பு, மிளகாய்க் கதை எழுதிய பச்சைக் கொப்பி எல்லாவற்றையும் அடுக்கி, மேலே இருந்த பச்சைக் கொப்பிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அவள் ஓடி வந்தாள்.

"அம்மா, அது நாளைக்கு வேணும். நாளைக்கு வாசிச்சுப் பாக்கிற நாள். மதாம் கட்டாயம் கொண்டரச் சொன்னவா."

"வச்சாச்சுப் பிள்ளை. இனித் தொடக்கூடாது. உனக்குப் பாடம்தானே, பாக்காமல் சொல்லு."

"பாத்துத்தான் வாசிக்க வேணுமாம்."

"ஒரு நாள்தானே. என்னெண்டு கேட்டா உள்ளதைச் சொல்லு. உள்ளதைச் சொன்னா ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம்."

கணவர் அடுப்படியில் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். "அந்த ஒரு கொப்பியை மட்டும் எடுத்துக் குடுமன். சரஸ்வதி கோவிக்கமாட்டா," என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்விட்டார். அவர் சொன்னதுதான் சரி. அதற்காகவும் எனக்கு இன்றுவரை அவரில் கோபம்.

வியாழன் காலை வெறும் பையோடு போனாள். உள்ளே சாப்பாட்டுப் பெட்டி மட்டும்.

பின்னேரம் நான் வேலையால் வந்தபோது சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதவடியில் உட்கார்ந்திருந்தாள். கையில் நாலாக மடித்த துண்டு. வாசி என்றேன். மாட்டேன் என்றாள். அதட்டினேன். அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். இன்றைக்கு எந்தப் புத்தகமும் இல்லாமல் வந்தாளாம். ஏன் என்று கேட்டதற்கு, புத்தகங்கள் நாளை வரைக்கும் சாமியிடம் இருக்கின்றன என்று சொன்னாளாம். வகுப்பு முழுக்கச் சிரித்ததாம். மறந்து வருவது பிழையில்லையாம், ஆனால் அதை மறைக்கக் கதை கட்டுவது பிழையாம். ஆகவே நாளைக்கு அவளுக்குப் பதில் வேறு பிள்ளை வாசிக்குமாம். கடைசி வரியில் அவள் நின்றுவிட்டாள்.

"அதிலை என்ன கிடக்கு?"

"நான் பொய் சொல்லுறதைப் பற்றி நீங்கள் என்னோடை கதைக்க வேணுமாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொய்யாம். என் பிள்ளை, நான் சொல்லிக்கொடுத்த உண்மையை, எழுத்துப் பிசகாமல் அவர்களுடைய பாசையில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்க அந்த மனுசிக்கு ஒரு நிமிடம் இல்லை. இலை பொறுக்கச் சொன்னால் பொறுக்கினோம். தகரம் கேட்டால் தகரம். சேட் கேட்டால் கலியாணச் சேட். உங்கள் அறுவடைக்கு நாங்கள் இவ்வளவு ஆடியிருக்கிறோம், எங்கள் ஒரே ஒரு நாளைப் பற்றி என்ன ஏது என்று கேட்டால் வாயா சுட்டுவிடும்? போதாததற்கு அந்தக் குற்றச்சாட்டை அவள் வாயாலேயே வாசிக்க வைத்திருக்கிறார்கள். வாசிக்க வைத்தது நான்தான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"நாளைக்கு நான் வாறன்," என்றேன். "வந்து கதைக்கிறன்."

"நீங்களோ? பிரெஞ்சிலையோ?"

"பிரெஞ்சிலைதான்."

ஆறு மாதம் அரசாங்க வகுப்பில் படித்த பிரெஞ்சு என்னிடம் இருந்தது. பஸ் எங்கே நிற்கும், எனக்கு ஒரு கிலோ தக்காளி தாருங்கள், இன்றைக்கு நல்ல வெயில். பிள்ளையின் மானத்துக்காகச் சண்டை பிடிக்க அதில் ஒரு பாடமும் இருக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே மகளிடம் கேட்டுக் கேட்டு ஒரு வசனம் பாடமாக்கினேன். என் மகள் பொய் சொல்பவள் அல்ல. அதுதான் வசனம். நான் சொல்லச் சொல்ல அவள் திருத்தினாள். மூக்கால் சொல்லுங்கோ, இதிலே நாக்கை மடிக்காதேங்கோ என்றாள். பத்தாவது தடவை சரியாக வந்தபோது கையைத் தட்டினாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. கணவர் வந்ததும் அவருக்கும் ஒருமுறை சொல்லிக் காட்டினேன்.

வெள்ளி விடிய அவளைக் குளிக்க வார்த்து, படத்துக்கு முன்னால் இருத்தி, பச்சைக் கொப்பியை எடுத்துக் கையில் கொடுத்தேன். மிளகாய்க் கதையைச் சாமிக்கு முன்னால் வாசித்தாள். அட்டையில் சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம் நல்ல வட்டமாக இருந்தது.

"இதைக் காட்டுவம் அம்மா. பொட்டு இருக்குதுதானே. கண்டா நம்புவா," என்றாள்.

எனக்கே தோன்றாத சாட்சி. அவள் பொட்டு அழிந்துவிடாமல் கொப்பியை நெஞ்சில் படாமல் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் சீலை உடுத்து, மேலே குளிர்ச்சட்டை போட்டு, வழி முழுக்க வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூட நடையில் விழாவுக்கு எல்லாம் தயாராக இருந்தது. சோளக் கட்டு, பூசணிக்காய், அதற்கு நடுவில் என் கணவரின் நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு வைக்கோல் பொம்மை. ஆசிரியை வகுப்புக் கதவடியில் நின்றார். என்னைக் கண்டதும் சிரித்தார். அதுதான் நான் எதிர்பாராதது. நான் ஒரு சண்டைக்காரியைத் தேடிப் போயிருந்தேன். அவர் என் தோளில் கை வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். எனக்கு எல்லாம் விளங்கியது. வேலை, வீடு, பிள்ளை என்று அலையும்போது மறதி எல்லோருக்கும் வரும் மதாம். பைக்குள் புத்தகங்களைப் போட மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதானே? பிள்ளை பயத்தில் ஏதோ சொல்லிவிட்டாள். மறந்ததுதான் என்றால் விசயம் முடிந்தது, பின்னேரம் அவளே வாசிக்கட்டும்.

பிறகு குனிந்து கொப்பியைப் பார்த்தார். இது என்ன என்று அட்டையைக் காட்டிக் கேட்டார்.

பின்னால் வேறு தாய்மார் இரண்டு பேர் நின்றார்கள். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வசனம் நாக்கு நுனியில் இருந்தது. மூக்கால் சொல்ல வேண்டிய இடம்கூட ஞாபகம் இருந்தது. சொல்லியிருந்தால் அந்த மனுசி கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டிருந்தாலும் என்ன, மேடையைத்தான் பறித்திருப்பார். எனக்கு அந்த மேடை வேண்டியிருந்தது. இந்தச் சாமி, பொட்டு எல்லாவற்றையும் அந்தத் தாய்மாருக்கு முன்னால் அரைகுறைப் பிரெஞ்சில் விளக்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் என்று சொல்லவே இப்போது வாய் கூசுகிறது, ஆனால் அதுதான்.

"ஓம் மதாம், மறந்துவிட்டேன்," என்று பிரெஞ்சில் சொன்னேன். மகளின் கையிலிருந்த கொப்பியை வாங்கி, அட்டையில் இருந்ததைப் பெருவிரலால் அழுத்தித் துடைத்தேன். "இது சாப்பாட்டுக் கறை."

குங்குமம் சந்தனத்தில் இழுபட்டு, உண்மையிலேயே குழம்பு சிந்தியது மாதிரி ஆகிவிட்டது. ஆசிரியை தலையாட்டினார். மகள் கொப்பியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம் மேடையில் நன்றாகத்தான் வாசித்தாள். மிளகாய்களுக்கு நடுவில் குளித்த இடத்தில் சனம் சிரித்தது. எல்லோரும் கை தட்டினார்கள், எல்லோரிலும் கூடத் தட்டியது நான். கடைசியாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அப்பிள் கொடுத்தார்கள். அவள் தன்னுடையதை மேடை விளிம்பில் வைத்துவிட்டு வந்தாள்.

வருடக்கணக்காக அந்த ஆசிரியையைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். வேலையிடத்தில், கோயிலில், பஸ்ஸில், கேட்க ஆள் அகப்பட்ட இடத்திலெல்லாம். பச்சை மைத் துண்டு வரைக்கும் சொல்வேன், நடையில் நடந்ததைச் சொல்வதில்லை. அவர் எழுதியது பிழைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்குக் கண்டாலும் கேட்பேன். ஆனால் அவருக்கு உண்மை தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்று கணவர் வேலையால் வந்து, கை கழுவ முதலே கேட்டார். "எப்பிடிப் போச்சு? அந்த வசனத்தை மதாமுக்குச் சொன்னீரோ?"

நான் சட்டியைக் கிளறிக்கொண்டு நின்றேன். நான் வாயைத் திறக்க முதலே மகள் பதில் சொன்னாள்.

"சொன்னவா அப்பா. ஒரு பிழையும் விடாமல் வடிவாச் சொன்னவா. மதாம் மன்னிப்புக் கேட்டவா."

அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவள் தலையைத் தடவிவிட்டுக் குளிக்கப் போனார். அவள் கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பச்சைக் கொப்பியை எடுத்துப் பையின் அடியில் வைத்து மூடினாள்.

அதுவரைக்கும் அவள் பொய் சொல்லி நான் கண்டதில்லை.