கூவாமல் கீரை விற்கும் வழி

நெய்வேலிக்கு நாங்கள் குடிவந்த அறுபதுகளின் தொடக்கத்தில் குவார்ட்டர்ஸ் சுவர்களில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. தெருவோரம் நட்ட வேப்பங்கன்றுகள் என் இடுப்புயரம்கூட இல்லை. கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. வாரத்துக்கு ஒரு முறை ஷிப்ட் மாறும். எனக்கு டவுன்ஷிப் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்கு வணிகப் பாடம்.

மொத்த வியாபாரம், சில்லறை வியாபாரம், கூட்டு வியாபாரம் எல்லாவற்றையும் பிள்ளைகள் அழகாக ஒப்பிப்பார்கள். ஒரு கடை ஏன் ஓடுகிறது, பக்கத்துக் கடை ஏன் மூடுகிறது என்று கேட்டால் புத்தகத்தைப் புரட்டுவார்கள். பாதிப் பேருக்கு மேல் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைகள். வேலை பர்மனென்ட் ஆவதைத் தவிர வேறு பேச்சு அவர்கள் வீட்டில் கிடையாது.

ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"நம்ம டவுன்ஷிப்ல புதுசா ஒரு வியாபாரம் ஆரம்பிக்கணும். யாருக்கு விப்பீங்க, அவங்க ஏன் உங்ககிட்ட வாங்கணும்? யோசிச்சு எழுதிக்கிட்டு வாங்க."

ஜவுளிக்கடை, சினிமாக் கொட்டகை, சோடா கம்பெனி என்று எழுதி வந்தார்கள். பக்கத்து வடக்குத்து கிராமத்திலிருந்து நடந்து வரும் ஒரு பெண் மட்டும் ஒரே பக்கம் எழுதியிருந்தாள். எழுந்து வாசித்தாள்.

"நைட் ஷிப்ட் முடிச்சவங்க காலையில தூங்கறாங்க. கீரைக்காரம்மா கூவிகினு போனா முழிச்சிக்கறாங்க. அந்த வூட்டு அம்மா கோவத்துல கீரை வாங்கறதில்ல. கூவலன்னா, வந்ததே யாருக்கும் தெரியல. அதனால கீரை வேணும்னா வாசல் கேட்டுல ஒரு துணிப்பை தொங்கவிடணும். பையோட காதுல ஒரு முடிச்சு போட்டா ஒரு கட்டு, ரெண்டு முடிச்சுன்னா ரெண்டு கட்டு. காசு சனிக்கிழமை சாயங்காலம்."

"பசங்க முடிச்ச அவுத்துட்டா?" என்றான் ஒரு பையன்.

"அன்னிக்கு அவங்க வூட்டுல கீரை இருக்காது. மறுநாள்லேருந்து அந்த அம்மாவே பைய பாத்துக்குவாங்க."

வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. சில வாரங்களுக்கு முன், இரவு ஷிப்ட் முடிந்து கணவர் அசந்து தூங்கிய காலையில், வாசலில் கூவிய கீரைக்காரம்மாவை நான் கடுமையாகப் பேசி அனுப்பியிருந்தேன்.

மணி அடித்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

"அந்தக் கீரைக்காரம்மா யாரும்மா?"

"எங்கம்மாதாங்க, டீச்சர்."

"எங்க தெருவுக்கு வருவாங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "முன்ன வந்துகினு இருந்தாங்க. இப்ப வர்றதில்லீங்க."

அன்று சாயங்காலம் எங்கள் வரிசையில் வீடு வீடாகப் போய் இந்தப் பை யோசனையைச் சொன்னேன். மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர், நாகர்கோவில்காரர் என்று ஆளுக்கொரு ஊர். ஆறு வீடுகள் சம்மதித்தன. அம்மாவை வரச் சொல்லி அவளிடம் சொல்லியனுப்பினேன்.

திங்கட்கிழமை அந்த அம்மா கூடையோடு சத்தமில்லாமல் வந்தார். கேட்டருகே போய், "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"தூங்கறவங்கள எழுப்பினா யாருக்குத்தாம்மா கோவம் வராது?" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, பையில் அரைக்கீரையை வைத்தார். முடிச்சுக் கணக்குக்கு மேல் ஒரு கைப்பிடி கூடவே இருந்தது.

அந்த மழைக்காலத்துக்குள் எங்கள் தெரு முழுக்கப் பைகள் ஆடின. அடுத்த பிளாக்கில் திட்டம் படுத்துவிட்டது. பையில் வைத்த கீரையை ஆடுகள் இழுத்துத் தின்றன. அந்த அம்மாவின் மகள், என் மாணவி, போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே மட்டும் ஜன்னல் கம்பியில் கட்டச் சொன்னாள். அதற்கப்புறம் அங்கும் ஓடியது. அவள் அம்மாவால் தனியாகச் சுமக்க முடியாமல் அவள் சித்தியும் ஒரு கூடை எடுத்தாள்.

அந்தப் பெண் படிப்பை முடித்து, டைப் கற்றுக்கொண்டு கடலூரில் ஓர் அலுவலக வேலைக்குப் போனாள். வியாபாரம் செய்வாள் என்று நினைத்திருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவள் அம்மாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வருஷத்திலிருந்து, வியாபாரக் கேள்விக்குப் பதில் எழுத உட்காருவதற்கு முன், நாலு வீட்டில் என்ன சிரமம் என்று கேட்டுவிட்டு வரும்படி பிள்ளைகளை அனுப்பினேன். சிலர் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். எதற்காகத் திட்டினார்கள் என்பதை முதல் வரியில் எழுதச் சொன்னேன்.