பூஜ்யம் வந்தால் பகா எண்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில், நாம் துடைத்துப் பளபளவென்று கொடுத்தனுப்பிய மெஷின்தான் மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் வந்து நிற்கும். பட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால் குமணன்சாவடியில் என் கடையில், வேலை முடிந்த மெஷினுக்கு பகா எண் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு பிரம்மாண்டமான எண்ணைக் கொடுத்து, அது பகா எண்தானா என்று கணக்குப் போடச் சொல்வேன். உள்ளே கோளாறு இருந்தால் கணக்கு தப்பும், குட்டு வெளிப்படும்.

நாலில் தொடங்கி

என்னோடு வேலை பார்க்கும் பருத்திப்பட்டு சேகர் இதை நம்பவில்லை. சின்னதாக 31-ஐ எடுத்துக் காட்டினேன். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 31. இப்போது நாலில் தொடங்கு. அதை அதே எண்ணால் பெருக்கி, இரண்டைக் கழி. 31-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். நாலுக்கு 14. பதினான்குக்கு 194, மீதி 8. எட்டுக்கு 62, மீதி பூஜ்யம்!

எத்தனை தடவை செய்வது என்பதற்கும் விதி உண்டு: இரண்டுகளின் எண்ணிக்கையைவிட இரண்டு குறைவு, இங்கே மூன்று. அந்த இடத்தில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. இப்படி இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்து வரும் எண் கோடி இலக்கங்கள் நீண்டாலும் இதே சோதனைதான். சேகர் பேனாவைக் கீழே வைத்தான். "இன்னா அண்ணாத்தே, சொல்லிவெச்ச மாரி கரீக்டா ஜீரோல வந்து நிக்கிது!"

வைரஸ் பிடித்த கதை

நூம்பல் ஃபிளாட்டிலிருந்து இசக்கிராஜா, ஐ.டி.யில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர், செத்துப்போன மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். கரண்டு கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாற்றி ஆன் செய்ததுமே ஏதோ ஒரு புரோகிராம் தானாகக் கிளம்பி, மெஷினை மூச்சுமுட்ட ஓட்டியது. நம்மைப் போன்றவர்களுக்கு வேறென்ன தோன்றும்? வைரஸ்! சேகர் அழிக்கப் போனான். சரியாக அப்போது உள்ளே வந்த இசக்கிராஜா பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்.

பல வாரங்களாக அந்தப் புரோகிராம் ஒரே ஒரு எண்ணைச் சோதித்துக்கொண்டிருந்ததாம். நாலு கோடிக்கும் மேல் இலக்கங்கள். தேறினால், மனிதர்களுக்குத் தெரிந்த பகா எண்களிலேயே பெரியது அதுதான். மழைக்கு நூம்பலில் கரண்டு வந்து வந்து போகிறது, மிச்சக் கணக்கு இங்கேயே ஓடட்டும் என்று கெஞ்சினார். "பாதியில போயிட்டுன்னா எனக்குச் சோறே இறங்காது அண்ணாச்சி."

மீதி

கணக்கு முடியும் நாளில் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்தது. பூஜ்யம் வரவில்லை. பகா எண் அல்ல என்று ஒரே வரி.

எனக்கு அழுகை வராத குறை. ஒருவேளை கோளாறோ என்று எங்கள் வழக்கமான எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். அது சமர்த்தாகப் பூஜ்யத்தில் வந்து நின்றது. மெஷின்மேல் குற்றமில்லை. "அப்ப எந்த நம்பரால சார் அது வகுபடும்?" என்று சேகர் மெதுவாகக் கேட்டான். இசக்கிராஜா முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "அது உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது தம்பி. ஆனா வகுபடும்ங்கிறது இப்ப நம்ம மூணு பேருக்குத் தெரியும்லா!"

மெஷினுக்கு ரிப்பேர் முடிந்து அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் இருவருக்கும்தான் அவரிடமிருந்து தொற்றிய பகா எண் வைரஸ் இன்னும் தெளியவில்லை.