நித்யாவுக்கு வந்த போனை நான் எடுத்தேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளப் பல் டாக்டரிடம் போயிருந்தேன். பிடுங்கினார்களா என்று கேட்காதீர்கள். அதற்குள் வேறொன்று வெளியே வந்துவிட்டது.

துணைக்கு வந்தவள் மகள் நித்யா. இருபத்தேழு வயது. ஹடப்சரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. லீவு நாளில் பல் பிடுங்கப் போகும் அம்மாவுக்கு மகள் எதற்கு?

பேசுவதற்கு.

புனேவுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. இன்னும் எனக்கு மராத்தி வராது. இந்தி, ஆட்டோவில் ஏறி இறங்குகிற அளவுக்கு. இங்கிலீஷ் எழுதுவேன், பேசினால் பாதியில் நொண்டும். வாரம் தவறாமல் இந்தப் பக்கத்தில் உங்களோடு வாயாடுகிற நான், கோர்படியில் எங்கள் அபார்ட்மென்ட் கேட்டைத் தாண்டினால் ஊமை. எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்வது, சொஸைட்டி மீட்டிங்கில் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போடுவது, காஸ்காரரிடம் வாதாடுவது... பத்து வயதிலிருந்து எல்லாம் நித்யாதான்.

காத்திருந்தபோது எதிர் நாற்காலியில் ஒரு பெண்மணி. காட்டன் புடவை, நரைத்த குட்டை முடி. நித்யாவையே பார்த்தார். பிறகு மராத்தியில் ஏதோ கேட்டார். நித்யா துள்ளி எழுந்தாள்.

"அம்மா, குல்கர்ணி மேடம். என் காலேஜ்ல இருந்தாங்க."

அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. குரல் மட்டும் தெரியும். ஒரே ஒரு முறை, நாலு நிமிடம், போனில் கேட்ட குரல்.

கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இருவரும் மராத்தியில் பேசிக்கொண்டே போனார்கள். நடுநடுவே 'சிலி', 'ஸ்பானிஷ்' என்று வந்தது. மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தபடி நித்யாவிடம் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது இரண்டே வார்த்தை. ஆயி. நகோ. அம்மா. வேண்டாம். இந்த இரண்டும் தெரியாமல் புனேவில் ஒரு கட்டுக் கீரைகூட வாங்க முடியாது.

நித்யா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு மேடம் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாள். சிரித்துக்கூடப் பேசினாள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். "டுமாரோ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல ஆறு வருடம் பின்னால் போக வேண்டும்.

நித்யா படித்த கல்லூரிக்கும் சிலி நாட்டில் கடலோரத்திலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருந்தது. மூன்றாம் வருடத்தில் ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படிக்கலாம்; அந்த மார்க் இங்கே சேரும். இரண்டே இடம். விஷயத்தைச் சொன்னபோது கோயம்புத்தூரிலிருந்து என் தங்கை, "ஏனக்கா, சில்லியா? அது சோயா சாஸ் ஊத்தித் தர்றதில்லையா?" என்று கேட்டாள். சிரித்தோம்.

நித்யா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தாள். வெறியாகப் படித்தாள். சமையலறை டப்பாக்களில் எல்லாம் சீட்டு ஒட்டியிருந்தாள். உப்பு டப்பாவில் 'சால்', சர்க்கரையில் 'அஸுகார்'. தோசை ஊற்றும்போது தனக்குத்தானே பேசுவாள். அப்போது குரலே வேறு மாதிரி இருக்கும். தமிழில் தேடித் தேடிப் பேசுகிற என் பெண், அந்த மொழியில் தடதடவென்று இறங்கி ஓடுவாள்.

இன்டர்வியூ நடந்தது. இரண்டு பேரை எடுத்தார்கள். மூன்று பேர் வெயிட்டிங் லிஸ்ட்டில். அதில் நித்யா ஒருத்தி. யார் முதல், யார் கடைசி என்று வெளியே சொல்லவில்லை.

என் கணவர் மத்திய அரசு ஊழியர். அப்போதுதான் ஜபல்பூருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். வீட்டில் நானும் அவளும் மட்டும்.

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். நித்யா பிராக்டிகல் பரீட்சையில் இருந்தாள். அவள் போன் அணைந்திருந்தது. விண்ணப்பத்தில் கார்டியன் என்ற இடத்தில் என் நம்பர். போன் வந்தது.

சிலி விஷயத்தைக் கவனித்துக்கொண்ட குல்கர்ணி மேடம் இங்கிலீஷில் பேசினார். தேர்வான ஒரு பெண் விலகிவிட்டாள். வெயிட்டிங் லிஸ்ட்டில் முதலில் இருப்பது நித்யா. ஐந்து மணிக்குள் சிலிக்குப் பெயர் அனுப்ப வேண்டும். அனுப்பலாம் இல்லையா?

"அவள் மனசு மாறிவிட்டது. அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றேன்.

மேடம் உடனே விடவில்லை. "நிச்சயமாகவா? பரீட்சை முடிந்ததும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு..."

"கேட்டுவிட்டேன்" என்றேன்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த நாலு நிமிடமும் என் இங்கிலீஷ் எங்கேயும் நொண்டவில்லை. போனை வைத்தேன். அந்த நம்பரைப் போனின் அழைப்பு லிஸ்ட்டிலிருந்து அழித்தேன். சாயங்காலம் அவளுக்கு வெங்காய பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் பெயர் வந்தது. அவளோடு படித்த ஓம்கார் என்ற பையன்.

"அவன் என்னை விட நல்லா பேசிருப்பான்மா, இன்டர்வியூல" என்றாள்.

"போனாப் போகுது விடு கண்ணு. நமக்கு எழுதுனது அவ்வளவுதான்" என்றேன்.

யார் எழுதியது? நான்தானே?

அவள் அழவில்லை. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வந்து, டப்பாக்களில் ஒட்டியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக நனைத்து உரித்தாள். அதன் பிறகு வீட்டில் ஸ்பானிஷ் கேட்கவில்லை. மேடத்திடம் போய்க் கேட்டிருக்கலாம். ரோஷக்காரி, போகவில்லை. அடுத்த மாதம் மேடமும் வேறு கல்லூரிக்கு மாறிப் போய்விட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சமயத்தில்தான் இதே பக்கத்தில், 'பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வைக்காதீர்கள், அனுப்பி வையுங்கள்' என்று உங்களுக்கு நான் உபதேசம் செய்தேன். ஞாபகமிருக்கிறதா? அதைப் படித்த தைரியத்தில் மகளை டெல்லிக்குப் படிக்க அனுப்பியதாக ஈரோட்டு வாசகி ஒருவர் எழுதியிருந்தார். நித்யாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால், அந்தக் கடிதத்தை நானே அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பெருமையாக.

"நல்லா எழுதறேம்மா நீ" என்றாள்.

சரி, பல் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சிக்னலில் வண்டி நின்றது. அவள் திரும்பாமலே கேட்டாள்.

"மேடம் அன்னிக்கி போன் பண்ணாங்களா?"

"ஆமா."

"நீதான் எடுத்தியா?"

"ஆமா கண்ணு."

"நான் வேணாம்னு சொன்னேன்னு சொன்னியா?"

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். "ஆமா" என்று மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் வண்டியை எடுத்தாள்.

என்னைக் கேட்டில் இறக்கிவிட்டு எங்கேயோ போனாள். சாயங்காலம் வந்தாள். அவள் அப்பா இப்போது ரிட்டயராகி வீட்டில்தான் இருக்கிறார். அவர் எதிரிலேயே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"போகலேன்னு கூட இல்லம்மா. ஆறு வருஷமா என் ஸ்பானிஷ் பேகார்னு நினைச்சிட்டிருந்தேன். ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு. இன்டர்வியூல எங்க தப்பு பண்ணேன்னு ஒவ்வொரு லைனா யோசிச்சேன். ஆபீஸ்ல ஒரு ஸ்பானிஷ் கிளையன்ட் வந்தாங்க. யாருக்காவது தெரியுமான்னு மேனேஜர் கேட்டான். நான் கை தூக்கலே."

என் கணவர் என்னைப் பார்த்தார். "எங்கிட்டக்கூடச் சொல்லாம விட்டுட்டியே" என்றார். பிறகு அவளிடம், "இப்ப போக முடியாதா சாமி?" என்று கேட்டார்.

"அது ஸ்டூடன்ட்ஸுக்குப்பா. இருபத்தோரு வயசுல போறது."

அத்தோடு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த ஒரு வாரம் வேண்டிய பேச்சு மட்டும். சாவி எங்கே, பால் வந்துவிட்டதா. எத்தனையோ பேருக்கு எத்தனையோ ஆறுதல் எழுதியவள் நான். மகளிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். உட்கார்ந்து எழுதினேன். நாலு பக்கம். அவள் லேப்டாப் மேல் வைத்தேன்.

காலையில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, இவ்ளோ தமிழ் எனக்கு வராது. முதல் லைன் மட்டும் படிச்சேன். நீயே படி."

எழுதும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குப் படிக்க வராத எழுத்தில் மன்னிப்பு எழுதியிருக்கிறேன். அப்படியானால் யாருக்காக எழுதினேன்?

அடுப்பை அணைத்துவிட்டு வாசித்தேன். 'அறியாத தேசத்தில் உனக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று ஒரு தாய்க்கு ஏற்பட்ட அச்சம்...'

"அச்சம்னா?"

"பயம்."

"யாருக்கு என்ன ஆகும்னு பயம்? எனக்கா?"

காகிதத்தைப் பார்த்தேன். நாலு பக்கத்திலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. மடித்து வைத்துவிட்டேன்.

"இல்ல கண்ணு. நீ எங்க போனாலும் பொழச்சுக்குவேன்னு எனக்குத் தெரியும். எனக்குத்தான் பயம். அப்பாவும் ஊர்ல இல்ல. நீயும் போயிட்டா, வாசல்ல ஒருத்தன் வந்து நின்னாக்கூட என்ன பேசறதுன்னு தெரியாம நிப்பேன். அதுக்குத்தான் உன்னப் புடிச்சு வெச்சுக்கிட்டேன்."

நித்யா கடிதத்தை எடுத்து இன்னொரு மடிப்பு மடித்தாள். பிறகு சொன்னாள்:

"அதை என்கிட்ட சொல்லிருக்கலாம்ல? நான் மராத்தி சொல்லிக் குடுத்திருப்பேனே. போறதுக்கு இன்னும் மூணு மாசம் இருந்துச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்று மாதம். தினமும் அரைமணி நேரம் அவளோடு உட்கார்ந்திருந்தால், காஸ்காரரிடமும் டாக்டரிடமும் பேசுகிற அளவுக்கு வந்திருக்காதா? வந்திருக்கும். அவள் நல்ல டீச்சர். இருபத்திரண்டு வருடமாக நான் கேட்டதில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளுக்காகப் பயப்படுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோமே... அதில் பிள்ளைகளுக்கு எவ்வளவு, நமக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்திருக்கிறோமா? நான் பார்க்கவில்லை. மகள் கேட்ட பிறகுதான் பார்த்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பாணேரில் இரண்டு தோழிகளோடு ஒரு பிளாட் பார்த்திருப்பதாகச் சொன்னாள். ஆபீஸ் போக வர வசதியாம். ஆபீஸ் இருப்பது ஹடப்சரில். கோர்படியிலிருந்து இருபது நிமிடம். பாணேரிலிருந்து டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் இது தெரியும்.

"சரி கண்ணு" என்றேன். குக்கர், இரண்டு போர்வை, அரைத்த பொடிகள் எல்லாம் கட்டிக் கொடுத்தேன். கீழே டெம்போ வந்தபோது டிரைவர் என்னைப் பார்த்து மராத்தியில் ஏதோ கேட்டார். வழக்கம்போல நித்யாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பெட்டியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. டிரைவர் இன்னொரு முறை கேட்டார். நான் கையைக் காட்டி, தெரிந்த நாலு வார்த்தையைக் கோத்து ஏதோ சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். சரியாகத்தான் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் பேசி முடித்த பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டேன். இந்த விஷயத்தைப் பத்தியில் எழுதலாமா?



"எழுதும்மா. ஆனா உன்னை நல்லவளா எழுதாதே."

எழுதி முடித்துவிட்டு இரண்டு இடத்தை அடித்துவிட்டேன் — அங்கே நான் கொஞ்சம் நல்லவளாக இருந்தேன்.