ஒற்றைப் பல்சக்கரத்தில் மலையேறிய குணசேகரன்

புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நம் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் குணா அண்ணனின் மகள் எழுதியிருந்தார்: அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். மூன்று நாள்களுக்கு முன்புகூட அவரோடு சண்டை போட்டேன். எதைப் பற்றி என்று உங்களுக்குத் தெரியும். வேறெதைப் பற்றி நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம்?

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஈப்போவில் லிப்ட் பழுதுபார்த்துவந்த குணசேகரன், தம் ரோட் பைக்கில் மிதிகளோடு சுழலும் இரண்டு பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, ஒன்றே ஒன்றைப் பூட்டினார். அதுவும் சின்னது. காட்டுப்பாதை சைக்கிளுக்குத்தான் அது பொருந்தும், சாலைக்கு ஆகாது என்று தட்டிலிருந்த ரொட்டி சானாய் ஆறிப்போகும்வரை வாதாடினேன். "பேசிக்கிட்டே போறவன் நான். முன்னால கியர் மாத்துற ஞாபகம் வராது, செயின் கழண்டுடுது. ஒண்ணு போதும்லா" என்றார். அவர் வாய் ஓயாது என்பது மட்டும் உண்மை.

ஆயர் தாவார் ஊருக்குப் போகும் மேடில்லாத நேர்ச்சாலையில் சாயம் வெளுத்தது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே நாங்கள் பெரிய பல்சக்கரத்தில் பறந்தோம். அவர் கால்கள் சுற்றோ சுற்றென்று சுற்றியும் வண்டிக்கு வேகம் வரவில்லை. அரைமணி நேரம் கழித்து வந்து சேர்ந்தவர், எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "தம்பி சொன்னது சரிதான். மேடு இல்லாத ரோட்டுக்கு இது ஆகாது." தோற்றதை இத்தனை சத்தமாகச் சொன்ன மனிதரை நான் பார்த்ததில்லை. சொன்னாரே தவிர, சக்கரத்தை மாற்றினாரா? அழுத்தக்காரர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. செயலாளர் என்ற தலைக்கனம் வேறு. வேகம் பிடிக்க முடியாதவர்கள் நீண்ட ஓட்டங்களுக்கு வர வேண்டாம் என்று ஒரு விதி எழுதிப் போட்டேன். அவரை நினைத்து எழுதியது, மருத்துவமனையில் தாதியாக வேலை செய்யும் மகேஸ்வரியைப் போய்க் குத்தியது. எப்போதும் கடைசியில் வருபவர் அவர்தான். குழுவிலிருந்து விலகுவதாக அன்றே சொல்லிவிட்டார். குணா அண்ணன் என்னைத் திட்டவில்லை. விதியை சிம்பாங் பூலாய் மலை ஏறி முடித்த பிறகு அமலுக்குக் கொண்டுவாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு மகேஸ்வரியைக் கூப்பிட்டு, ஒரே ஒரு தடவை வாருங்கள் என்று சம்மதிக்க வைத்திருக்கிறார்.

அந்த மலையில் நாங்கள் மேலே போய் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். முதலில் மகேஸ்வரி வந்தார், முகமெல்லாம் சிவந்து. பின்னாலேயே குணா அண்ணன், இன்னும் பேசிக்கொண்டு! திரும்பிப் போய்விடுகிறேன் என்று நான்கு முறை இறங்கினாராம் மகேஸ்வரி. நான்கு முறையும் அண்ணனும் இறங்கி நின்று, ஈப்போவில் எந்தெந்த லிப்ட் எந்த மாடியில் சிக்கிக்கொண்டது என்ற கதையெல்லாம் சொல்லி, மறுபடி ஏற்றிவிட்டாராம்.

இந்த மேட்டில் உங்கள் கால் பலத்துக்கு எங்களை முந்தியிருக்கலாமே அண்ணே என்று கேட்டேன்.

"முன்னுக்குப் போறவனுக்குத்தான் பெரிய சக்கரம் வேணும், தம்பி. யாரையும் விட்டுட்டு வரக்கூடாதுன்னு நினைக்கிறவனுக்கு இது போதும்."

விதியை அங்கேயே கைவிட்டேன். வெட்கமாக இருந்தது. இப்படி ஒருவர் நம் குழுவில் இருக்கிறாரே என்று பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமை இன்றும் குறையவில்லை.

மேடில்லாத சாலைக்கு இரண்டு பல்சக்கரம்தான் சரி என்று இப்போதும் சொல்வேன். இறந்துவிட்டார் என்பதற்காக மாற்றி எழுதினால், அவரே எழுந்து வந்து திட்டுவார். ஆனால் ஓட்டத்தில் எல்லாருக்கும் பின்னால் வந்த அவருடைய இடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த ஞாயிறு எல்லாருக்கும் கடைசியாக யார் வருவது என்று நேற்று குழுவில் கேட்டேன். முன்னால் போக முட்டிமோதிய நீங்கள் பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். வரிசையில் நில்லுங்கள். முதல் வாரம் என்னுடையது.