ராணி வீட்டு நோய்

பன்னிரண்டு வருடமாக மெல்பேர்ன் ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வேன், நோயாளி தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வேன். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்த அறைகளில் கேட்ட யாருடைய கதையையும் வெளியே கொண்டுவரவும் கூடாது. இங்கேயும் கொண்டுவரப் போவதில்லை. அன்றைக்கு என் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் யார், என்ன சொன்னாள் என்பதெல்லாம் அவளுடைய சொத்து. நான் சொல்லக்கூடியது, பரம்பரை நோய்களை விளக்கும் ஆலோசகர் எங்கள் முன்னால் மேசையில் விரித்த ஒரு படத்தைப் பற்றி மட்டும்தான்.

அது ஒரு ராஜ வம்சத்தின் படம். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம். உச்சியில் ஒரு வட்டம், அந்தக் காலத்தில் உலகத்தின் பெரும் பகுதியை ஆண்ட ராணி. எங்கள் மன்னாரையும் அவர்தான் ஆண்டார். நாங்கள் இப்போது இருக்கிற மாநிலத்துக்கே அவருடைய பெயர்தான், முன்னால் போகிற காரின் நம்பர் தகட்டில்கூட இருக்கிறது. ஒன்பது பிள்ளைகள் பெற்று, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஐரோப்பாவின் அரண்மனை அரண்மனையாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார். சொந்தத்துக்குள்ளேயே கொள்வினை, கொடுப்பினை. மச்சான் மச்சாள் கலியாணத்தில் எங்கள் ஆட்களே அவர்களிடம் பாடம் படிக்கலாம்.

சில சதுரங்கள் மட்டும் கறுப்பாக நிரப்பப்பட்டிருந்தன. அவை ஹீமோஃபிலியா வந்த பையன்கள். காயம் பட்டால் இரத்தம் உறையாத நோய். வெளியே ஒரு கீறலும் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே வடியும். பெண்கள் அதைத் தங்கள் உடம்புக்குள் காவுவார்கள், சுமந்துகொண்டு திரிவார்கள், அவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, அவர்கள் பெறுகிற ஆண் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். இது யாருடைய பிழையும் இல்லை, ராணிக்கே வந்தது என்று ஆறுதல் சொல்லத்தான் ஆலோசகர் அந்தப் படத்தைக் காட்டினார். எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. வட்டங்களையும் சதுரங்களையும் இணைத்த கோடுகள் கீழே இறங்கி இறங்கி எங்கள் பக்கம் வருவதுபோல இருந்தது.

அவர் ஒவ்வொரு கறுப்புச் சதுரத்தின் மேலும் பேனாவை வைத்துக் கதை சொன்னார், நான் தமிழில் சொன்னேன். ராணியின் பேரன் ஒருவன், இரண்டு வயது, தாயின் அறை ஜன்னலால் விழுந்தான். உடனே சாகவில்லை. மண்டைக்குள் இரத்தம் கசிந்து அன்றைக்கே போய்விட்டான். அவன் விழுந்தபோது ஒரு வயதுகூட நிரம்பாத தங்கை ஒருத்தி இருந்தாள். அவள் வளர்ந்து பனி பெய்யும் பெரிய தேசத்துக்குச் சக்கரவர்த்தினியாகப் போனாள். நான்கு பெண்களுக்குப் பிறகு தவமிருந்து பெற்ற மகனுக்குத் தொப்புளிலிருந்து இரத்தம் வந்தது. நாட்டுக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். இன்னொரு பேத்தி ராணியாகப் போன தெற்குத் தேசத்தில், இளவரசர்கள் ஓடிப் போய் மோதிவிடாதபடி அரண்மனைத் தோட்டத்து மரங்களுக்குப் பஞ்சு வைத்துத் துணி சுற்றினார்கள் என்று ஒரு கதை இருக்கிறது, உண்மையோ தெரியாது என்றார்.

"மரங்களுக்கு," என்று தமிழில் தொடங்கினேன். அடுத்த சொல் வரவில்லை. ஆலோசகர் என்னைப் பார்த்தார். பக்கத்துப் பெண்ணும் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக மன்னிப்புக் கேட்டு, தண்ணீர் குடித்து, திரும்பவும் சொல்லச் சொன்னேன்.

எங்கள் மன்னார் வீட்டில் சாப்பாட்டு மேசையின் நான்கு மூலைக்கும் அம்மா பழைய சேலைத் துணி சுற்றி வைத்திருந்தார். கதவு நிலைகளுக்கும் எங்கள் தலை உயரம் வரைக்கும். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பழைய துணியை அவிழ்த்துப் புதிதாகச் சுற்றுவார். கத்தியும் பிளேடும் பூட்டின பெட்டிக்குள் இருக்கும். எங்கள் வீட்டில் ஆண் பிள்ளைகளே இல்லை, நாங்கள் மூன்றும் பெட்டைகள். எங்களுக்கு ஒரு கட்டுப்பாடும் கிடையாது, முருங்கை மரத்தில்கூட ஏறுவோம். வராத பிள்ளைகள் யாருக்கோதான் வீடு ஆயத்தமாக இருந்தது. எனக்கு அடிக்கடி கையிலும் தொடையிலும் காரணம் இல்லாமல் நீலம் பாரிக்கும். அம்மா தடவிப் பார்த்துவிட்டு, "படுக்கேக்க ஆரோ நுள்ளியிருக்கினம்," என்பார். யார் என்று கேட்டால் வாசல் பக்கம் பார்ப்பார்.

அம்மாவுக்கு இரண்டு தம்பிமார் இருந்து சின்ன வயதில் இறந்தவர்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாது. "அவங்கள்" என்றுதான் பேச்சு. கல்லறைத் திருநாளில் எல்லோருக்கும் கொளுத்தின பிறகு, அம்மா மதில் ஓரம் போய் வெறும் மணலில் இரண்டு மெழுகுதிரி நட்டுவிட்டு வருவார். அது ஆருக்கு என்று ஒருமுறை சத்தமாகக் கேட்டதற்கு என் தொடையை முறுக்கி நுள்ளினார். பெயரைச் சொன்னால் வந்துவிடுவார்கள் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். நாங்கள் மூவரும் ஒரே பாயில் ஒட்டிப் படுத்தோம்.

இதையெல்லாம் அம்மாவின் விசர் என்று நினைத்து நாற்பது வருடம் ஓட்டிவிட்டேன். அந்தப் படத்துக்கு முன்னால் இருந்தபோதுதான் அது விசர் இல்லை என்று விளங்கியது. என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளை என்று ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள்.

அன்று வெரிபீயில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் முன்னால் போன கார்கள் ஒவ்வொன்றிலும் அந்த ராணியின் பெயரை வாசித்துக்கொண்டு வந்தேன். வருடக் கணக்காகக் கண்ணில் படாதது அன்றைக்குத்தான் பட்டது. வீட்டுக்கு வந்ததும் கனடாவில் இருக்கிற சின்னம்மாவுக்கு, அம்மாவின் ஒரே தங்கைக்கு, போன் எடுத்தேன்.

"சின்னம்மா, அம்மான்ர தம்பிமார் எப்பிடிச் செத்தவை?"

"இப்ப ஏன் உனக்கு அந்தக் கதை? பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில அவங்களைப் பற்றிக் கதைக்காத. வை போனை," என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் அவரே எடுத்தார். நித்திரை கொள்ளவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. "மூத்தவன் கட்டிலால விழுந்தவன். அந்தளவு உயரமும் இல்லை. சின்னவனுக்கு ஆடின பல்லைப் பிடுங்கினது. மூண்டு நாள் ரத்தம் நிக்கேல்லை. அக்காதான் மடியில வச்சிருந்தவ."

"பேர் என்ன சின்னம்மா?"

"மறந்துபோச்சு."

கூடப் பிறந்தவர்களின் பெயர் மறக்குமா? நான் விட்டுவிட்டு மற்றதைக் கேட்டேன். "அப்ப பேய் பிசாசு மாதிரி எங்களை ஏன் பயப்பிடுத்தினனீங்கள்?"

"பேயெண்டால்தான் பிள்ளையள் வெளியில வாய் திறக்காதுகள். பரம்பரை வருத்தமெண்டு ஊர் அறிஞ்சிருந்தா உங்களை ஆர் கட்டியிருப்பினம்? உன்ர புருஷன் வீட்டுக்காரர் படலையைத் திறந்திருப்பினமே?"

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. செத்துப் பதினைந்து வருடமான அம்மாவோடு குசினிக்குள் அடுப்படியில் நின்று சத்தம்போட்டுச் சண்டை பிடித்தேன். பேய்க்குப் பயந்து மறைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குப் பயந்து தன் தம்பிமாரின் பெயரையே அழித்திருக்கிறார். அரண்மனைக்காரர்கள்கூட இறந்துபோன இரண்டு வயதுப் பிள்ளையின் பெயரைப் படத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மகளுக்கு அன்றைக்கே சொன்னேன். அவள் இங்கே வளர்ந்தவள், அழவில்லை, டாக்டரைத்தான் கூப்பிட்டாள். என்னிடமும் அவளிடமும் இரத்தம் எடுத்தார்கள். நான்கு வாரம் கழித்து முடிவு வந்தது, நாங்கள் இருவரும் காவுகிறோம். பையனுக்கு இருக்கவும் கூடும், இல்லாமல் போகவும் கூடும், பாதிக்குப் பாதி. பிறக்கும்போது ஆயுதம் போட்டு இழுக்கக்கூடாது, ஒப்பரேஷன் செய்து எடுப்போம் என்றார்கள். தெரியாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

மருமகனின் அம்மா பிரசவத்துக்காக மதுரையிலிருந்து டார்னெய்ட்டில் இருக்கிற பிள்ளைகளின் வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல மனுஷி. என் மகளுக்குப் பிடிக்கும் என்று பெட்டி நிறைய முறுக்கு சுட்டுக்கொண்டு வந்தவர். அவருக்குச் சொல்லவேண்டும் என்று மகள் சொன்னாள். "இப்ப வேண்டாம், பிள்ளை பிறந்து அவன்ர முடிவு வரட்டும்," என்று அவளுடைய வாயை அடைத்தவள் நான்தான். எங்கள் வீட்டுப் பெண்களின் வழியாக வந்தது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? "அம்மா பயந்துருவாங்க, அத்தை," என்று மருமகனும் ஒத்துக்கொண்டார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அதனால்தான் ஒப்பரேஷன் என்று அவரிடம் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், ஒரு தடக்கமும் இல்லாமல்.

பையன் நலமாகப் பிறந்தான். முதலில் எடுத்த இரத்தத்தில் முடிவு தெளிவில்லை என்று திரும்பவும் எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது பிள்ளையை அழுத்தவோ இழுக்கவோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சம்பந்தியம்மாவோ வந்த நாளிலிருந்து அவனுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றக் காத்திருந்தார். முப்பதாம் நாள் கேரம் டவுன்ஸ் கோயில், அதற்குப் பிறகு மொட்டை, காது குத்து என்று அவரிடம் ஒரு முழுத் திட்டமே இருந்தது. தொப்புள் காயட்டும் என்று டாக்டர் சொன்னதாக ஒவ்வொரு நாளும் நான் தட்டிக் கழித்தேன். பத்தாம் நாள் தொப்புள் விழுந்தது.

அன்று காலை பத்து மணியிருக்கும், நல்ல வெயில். மகள் பால் கொடுத்துவிட்டுப் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்திருந்தாள், சும்மா வைத்திருக்கட்டும் என்று. அப்போது ஆலோசகரின் போன் வந்தது. மகள் கட்டிலில் இருந்து கேட்டாள், நான் பக்கத்தில் நின்றேன். அவள் "ஓகே," "ஓகே," என்று நான்கைந்து தடவை சொன்னாள். பிறகு போனை மடியில் வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹீ ஹாஸ் இட், அம்மா. சிவியர்."

அவளைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். செய்யவில்லை. குளியலறைப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, வெளியே வந்துவிட்டேன். கதவு பாதி திறந்திருந்தது. சம்பந்தியம்மா தாழ்வான பிளாஸ்டிக் முக்காலியில் இருந்து கால்களை நீட்டி, முழங்காலுக்குக் கீழே பையனைப் படுக்க வைத்திருந்தார். உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்கியது. அவன் அழவில்லை, வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"யாருங்க சம்பந்தி போன்ல?" என்று தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"ஒருத்தருமில்லை," என்றேன். "சும்மா, ஆஸ்பத்திரியில இருந்து."

அந்தப் பேச்சு என் வாயிலிருந்துதான் வந்தது, ஆனால் அது அம்மாவின் குரல். அந்த இழுவை, கடைசியில் குரலை இறக்குகிற விதம், எல்லாம் அம்மா. யாரோ எனக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று உண்மையாகவே திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

அதற்குள் சம்பந்தியம்மா பையனின் வலது கையையும் இடது காலையும் பிடித்துவிட்டார். குறுக்கே சேர்த்து நீவி இழுக்கப் போகிறார். எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்து பழகிய கை.

"விடுங்கோ!" என்று கத்தினேன். "இழுக்காதேங்கோ! அவனுக்கு ரத்தம் உறையாத வருத்தம். எங்கட வீட்டு வருத்தம். என்னால வந்தது. என்ர அம்மாவின்ர தம்பிமார் ரெண்டு பேரும் இதிலதான் செத்தவங்கள்."

அவர் கைகளை எடுத்து மேலே தூக்கினார். விரல்களிலிருந்து எண்ணெய் சொட்டியது. பையன் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டு மாசம்."

எங்கள் வீட்டைத் திட்டுவார், மகனைக் கூப்பிடுவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தூக்கிய கைகளை அப்படியே வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தொடவும் பயந்து, கண்ணீர் வழிய வழிய என்னிடம் கேட்டார்:

"என் கையாலயே அவன் போயிருந்தா, நான் என்ன பண்ணியிருப்பேன் சம்பந்தி?"